கையெழுத்துக்கு முன்னால் ஒரு பேச்சு

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நல்ல நாளும் அதுவுமாகச் சாவைப் பற்றியெல்லாம் எதற்குப் பேச வேண்டும் என்று நம் வீடுகளில் கேட்பார்கள். பேசாமல் விட்டுவிட்ட குடும்பங்கள் படும் பாட்டை நான் அன்றாடம் பார்க்கிறேன். அதனால்தான் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். நோய் முற்றி, குணமாக வழியில்லை என்றான பிறகு, எந்தச் சிகிச்சையைச் செய்வது, எதை விடுவது, எங்கே வைத்துப் பார்ப்பது என்று முடிவு எடுக்க வேண்டிய நாட்கள் வரும். அந்த நாட்களில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் துணை நிற்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

ஐசியூ வாசலில் நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். இரவு நேரம். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். பிளாஸ்க்கும் பையுமாகச் சொந்தக்காரர்கள் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். கதவைத் திறந்துகொண்டு இளம் மருத்துவர் ஒருவர் வருவார். “பேஷண்டோட அட்டெண்டர் யாருங்க?” நாலு பேர் எழுந்து ஓடுவார்கள். “வென்டிலேட்டர் போட வேண்டியிருக்கும். போடலாமா, வேண்டாமான்னு சொல்லுங்க. இதுல ஒரு சைன் போடுங்க.” “போடலைன்னா என்ன டாக்டர் ஆகும்?” “ரொம்ப நேரம் தாங்காது.” “போட்டா பொழச்சுக்குவாருங்களா?” “அதை இப்ப சொல்ல முடியாதுங்க.”

இவ்வளவுதான் பேச்சு. மூத்த மகன் பேனாவை வாங்குகிறார். கை நடுங்குகிறது. போடுங்கள் என்று கையெழுத்துப் போட்டால், இழுத்துப் பிடித்துவைத்துச் சித்திரவதை செய்துவிட்டோமோ என்று பின்னாளில் மனசு குத்தும். வேண்டாம் என்று போட்டால், பெற்ற தகப்பனை நாமே சாகவிட்டோமோ என்று குத்தும். கருமாதி முடிந்து, ஆண்டுத் திதியும் முடிந்து, அதற்குப் பிறகும் அந்தக் கையெழுத்தைச் சுமந்துகொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

அந்த இளம் மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு உள்ளே இன்னும் எத்தனையோ படுக்கைகள். ஆனால் அவர் கேட்ட கேள்வி தவறு. வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு குடும்பத்திடம் கேட்கக் கூடாது. அது கடையில் பொருள் எடுப்பது போன்ற காரியம் இல்லை.

ஏன் கூடாது என்று சொல்கிறேன். வென்டிலேட்டர் அருமையான கருவி. கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசை செயலிழந்த ஒருவரைச் சில நாள் அந்தக் கருவியில் வைத்திருந்தால், விஷம் இறங்கி, அவர் எழுந்து வீட்டுக்கு நடந்துபோவார். நிமோனியாவுக்கும் பெரிய அறுவை சிகிச்சைக்கும் இது பொருந்தும். அங்கே அந்தக் கருவி, உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசம் வாங்கித் தருகிறது. புற்றுநோய் ஈரலுக்கும் மூளைக்கும் பரவி, உடம்பு ஒடுங்கிப்போன ஒருவருக்கு அதே கருவியைப் பொருத்தினால், சரிசெய்துகொள்ள அங்கே எதுவும் மிச்சமில்லை. நாட்கள் கூடலாம். அந்த நாட்களில் அவர் பேச முடியாது, விழுங்க முடியாது, குழாயைப் பிடுங்கிவிடாதிருக்கக் கையைக் கட்டிவைப்பதும் உண்டு. நெஞ்சை அழுத்தி இதயத்தை மீட்கும் முயற்சியும் அப்படித்தான். திடீரென்று மாரடைப்பில் விழுந்தவருக்கு அது உயிர்ப்பிச்சை. நோய் முற்றிய எண்பது வயதுக்காரருக்குப் பெரும்பாலும் விலா எலும்பு முறிவதுதான் மிச்சம்.

ஆகவே முதலில் தெரிய வேண்டியது நோயின் நிலை. அதை மருத்துவர் சொல்ல வேண்டும், மழுப்பாமல். அடுத்துத் தெரிய வேண்டியது அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பது. அது குடும்பத்துக்குத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்துவைத்து, “இந்த நிலையில் இதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்” என்று சொல்லும் பொறுப்பு மறுபடியும் மருத்துவருடையது. இந்தப் பொறுப்பைக் கழற்றிக் குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டு, அதற்கு உரிமை என்று பெயர் சூட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், தொழில், உறவு எல்லாவற்றையும் மாற்றித்தான் சொல்கிறேன். அவர் தறி நெய்தவர். நுரையீரல் புற்று, மூளைக்குப் போய்விட்டது. நினைவு தப்பிய நிலையில் கொண்டுவந்திருந்தார்கள். குடும்பத்தாரை ஒரு அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பேசினோம். மனைவி, இளைய மகன், மகள், மனைவியின் தம்பி. மூத்த மகன் சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில். “காசைப் பத்தி யோசிக்காதீங்க டாக்டர், என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் பண்ணுங்க” என்று அவர் ஆரம்பித்தார். தாய்மாமன் தலையாட்டினார். இளையவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மட்டும் கதவோரமாக நின்றார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

நோயைப் பற்றிச் சொன்னேன். பிறகு கேட்டேன்: “அப்பா எப்படிப்பட்டவருங்க? என்ன பேசுவாரு, எதுக்குக் கோவப்படுவாரு?” முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு மகள், அவர் யாரையும் எதற்கும் எதிர்பார்க்க மாட்டார், காய்ச்சலோடு தறியில் உட்காருவார் என்றார். நான் அந்த அம்மா பக்கம் திரும்பினேன். “அவரு இப்ப எந்திரிச்சு உக்காந்து நம்ம பேசுறதக் கேட்டா, என்னம்மா சொல்லுவாரு?”

“போன வருசம் அவுக அண்ணன் இப்படித்தாங்க குழாயும் கிழாயுமாக் கெடந்தாரு. இவுக போய்ப் பாத்துட்டு வந்து ராத்திரி சாப்புடல. என்னான்னு கேட்டேன். ‘என்னைய இப்படிப் போட்டு வச்சிராத, வீட்டுல திண்ணையில கெடந்து போறேன்’னாக.”

கைபேசியில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அப்பா அப்படியாம்மா சொன்னாரு? எங்கிட்ட யாரும் சொல்லவேயில்லையே” என்றார் மூத்தவர். யாரும் அந்த அம்மாவிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. “அப்படின்னா வென்டிலேட்டர் வேண்டாம்னு நான் சொல்றேன். மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் மருந்து கொடுத்து, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஏற்பாடு பண்றோம், எங்க நர்ஸ் வந்து பாத்துக்குவாங்க” என்றேன். அந்த முடிவு அப்பா ஏற்கெனவே எடுத்துவைத்திருந்தது. குடும்பம் அதை எடுத்துச் சொன்னது. அவ்வளவே அவர்கள் செய்தது. அதனால் அந்த வீட்டில் யார் மனசிலும் கையெழுத்தின் பாரம் தங்கவில்லை.

இதையெல்லாம் அன்பு, ஆறுதல் என்று ஒதுக்கிவிடும் மருத்துவ நண்பர்களுக்காக ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். பிரான்சில் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், சாகும் தறுவாயில் இருந்த 126 நோயாளிகளின் குடும்பங்களைப் பின்தொடர்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக் குடும்பங்களோடு வழக்கம்போலப் பேசினார்கள். மறு பாதியோடு சற்று நீண்ட கூட்டம். அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, நோயாளி எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பது, அழ இடம் கொடுப்பது, கையில் ஒரு சிறு வெளியீடு. வழக்கமான கூட்டம் 20 நிமிடம், அதில் குடும்பம் பேசியது 5 நிமிடம். மற்றது 30 நிமிடம், குடும்பம் பேசியது 14 நிமிடம். மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, அதிர்ச்சியின் பின்விளைவான மனப்பாதிப்பு முதல் பிரிவில் 69 சதவீதம் பேரிடமும் இரண்டாவதில் 45 சதவீதம் பேரிடமும் இருந்தது. கூடுதலாகச் செலவானது பத்து நிமிடம். எந்த மருந்துக் கம்பெனி இப்படி ஒரு மாத்திரை கொண்டுவந்தாலும் நாம் வரிசையில் நின்று வாங்குவோம்.

வெளிநாட்டு மகனைப் பற்றி ஒரு வார்த்தை. செவிலியர்களும் மருத்துவர்களும் அவர் மேல் எரிச்சல்படுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். 1991-லேயே அமெரிக்க முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் கலிபோர்னியா மகள் என்று இதற்குப் பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார்கள். தூரத்திலிருந்து வந்து, எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று சண்டை போடும் பிள்ளை. அந்தப் பிள்ளை அப்பாவைக் கடைசியாகப் பார்த்தபோது அவர் ரயில் நிலையம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவராக இருப்பார். மெலிந்ததை, சாப்பாடு குறைந்ததை, கழிப்பறைக்குப் போக ஆள் வேண்டியதை அந்தப் பிள்ளை பார்க்கவில்லை. கூட இருந்து செய்யவில்லையே என்ற உறுத்தல் வேறு. அவரோடு சண்டை போட வேண்டாம். நோய் கண்ட நாளிலிருந்தே வாரம் ஒருமுறை அவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். அப்பா உட்கார்ந்திருப்பதை, படுத்திருப்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

அதே போலக் கூட்டத்துக்கு யாரை அழைப்பது என்பதிலும் நாம் மாற வேண்டும். நம் ஊரில் முடிவு சொல்ல முன்னால் வருபவர்கள் சித்தப்பா, மாமா, ஊர்ப் பெரியவர். குளிப்பாட்டியவர், மலம் துடைத்தவர், ராத்திரி முனகலுக்கு எழுந்தவர் எல்லாம் மனைவியோ மருமகளோ மகளோ. அவர்கள் தேநீர் வாங்கிவரப் போயிருப்பார்கள். அவர்கள் இல்லாமல் நான் கூட்டத்தைத் தொடங்குவதில்லை.

அடுத்து ஒரு பெரிய சிக்கல்: “அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க டாக்டர்.” அறைக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவார்கள். உள்ளே போனால் அப்பா, மகன் தண்ணீர் பிடிக்கப் போகும் நேரம் பார்த்து என்னிடம் சொல்வார்: “எனக்குத் தெரியும் டாக்டரே. பசங்ககிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க.” ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டு, ஒரே வீட்டில் தனித்தனியாக அழுதுகொண்டிருப்பார்கள். பிரியத்தில்தான் மறைக்கிறார்கள். ஆனால் சொல்லப்படாதவர் முடிவில் கலந்துகொள்ள முடியாது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, கொடுத்த கடன் எவ்வளவு, உறவு முறிந்துபோன தங்கையோடு பேசிவிடலாமா, எங்கே கிடக்க ஆசை என்பதையெல்லாம் சொல்ல அவருக்கு வாய்ப்பே கிடைக்காமல் போகும்.

சொல்வதற்கும் பக்குவம் இருக்கிறது. குடும்பத்தை மீறி உள்ளே போய்ப் போட்டு உடைப்பதை நான் செய்வதில்லை. “சொன்னா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்க?” என்று கேட்பேன். மனசு விட்டுப்போவார், சாப்பிட மாட்டார், ஏதாவது செய்துகொள்வார் என்பார்கள். அந்தப் பயத்தை மதிக்க வேண்டும். “நானா எதையும் திணிக்க மாட்டேன். அவரா கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்” என்பேன். பெரும்பாலும் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். பிறகு நோயாளியிடம், “உங்க உடம்பப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செவிலியர் கல்லூரி மாணவிகளே, அந்த மௌனம் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அதை நிரப்பப் பேசிவிடாதீர்கள். அவர் பேசுவார். தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு. “பெரியவன்கிட்ட பேசிக்குங்க” என்று கைகாட்டிவிடுவார்கள். அதுவும் அவர்கள் எடுத்த முடிவு, மதிக்க வேண்டும்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். இதில் குழப்பம் அதிகம், மருத்துவர்களிடமே. மும்பை கேஇஎம் மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் தாக்கப்பட்டு, மூளை பாதித்து, 2015 மே மாதம் நிமோனியாவில் இறக்கும்வரை அதே மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். அவருக்கு ஊட்டுவதை நிறுத்த அனுமதி கேட்டு எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவரைத் தங்கள் வீட்டுப் பெண் போலப் பார்த்துக்கொண்ட கேஇஎம் ஊழியர்களின் விருப்பமே முதன்மையானது என்றது. ஆனால் அதே தீர்ப்புதான், உயிர்காக்கும் கருவிகளை விலக்கிக்கொள்ள உயர் நீதிமன்ற அனுமதியோடு வழி உண்டு என்று முதன்முதலாகச் சொன்னது. காமன் காஸ் அமைப்பு 2005-ல் தொடுத்திருந்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. லிவிங் வில் எனப்படும் முன்விருப்ப ஆவணத்தையும் ஏற்றது. ஆனால் அதில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று வைத்த நிபந்தனையால் அது ஏட்டில் கிடந்தது. 2023 ஜனவரி 24 அன்று அந்த நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள்.

இப்போது நடைமுறை இதுதான். பதினெட்டு வயது நிரம்பி, சுயநினைவோடு இருக்கும் எவரும், குணமாக வழியில்லாமல் தன்னால் பேசவும் முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று எழுதிவைக்கலாம். தனக்காக முடிவு சொல்ல வேண்டியவர் யார் என்று ஒருவரையோ பலரையோ அதில் குறிப்பிடலாம். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். நகலைக் குடும்பத்தாரிடமும் குடும்ப மருத்துவரிடமும் கொடுக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்பில் இதற்கென்று பொறுப்பான அலுவலரிடமும் ஒரு நகல் போக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். சிகிச்சையை விலக்கும் முன் மருத்துவமனையில் மூன்று மருத்துவர்கள் குழு பார்க்க வேண்டும். அடுத்து மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவர் அடங்கிய இரண்டாவது குழு பார்க்க வேண்டும். இரண்டும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். குடும்பத்தாரின் ஒப்புதலும் வேண்டும். அதன் பிறகு மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்துவிட்டுச் செய்யலாம். ஆவணமே எழுதாதவருக்கும் குழுக்களும் குடும்பமும் சேர்ந்து இதே வழியில் முடிவெடுக்கலாம். கர்நாடக அரசு 2025 ஜனவரி 30 அன்று இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை அனுப்பியது. நல்ல நினைவோடு இருக்கும் நோயாளி, எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று சொன்னால், அவருக்கு எந்தக் குழுவும் தேவையில்லை. ஊசி போட்டு உயிரை முடிப்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம்.

இந்த இடத்தில் ஒன்றைப் பேசாமல் போனால் நான் நேர்மையானவன் இல்லை. நம் தென் மாவட்டங்களில், விருதுநகர்ப் பக்கத்தில், தலைக்கூத்தல் என்ற பழக்கம் இருந்தது. இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. படுத்துவிட்ட கிழவரை, கிழவியைக் குடும்பமே முடித்துவைப்பது. “நீங்க சொல்றதும் அதுதானே டாக்டர்?” என்று ஒரு பெரியவர் என்னிடம் நேராகக் கேட்டார். இல்லை. தாமே முடிவெடுத்து உயிர் விட்டவர்களும் நம் வரலாற்றில் உண்டு. செஞ்சி அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு இருக்கிறது. கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்ட கதை நமக்குத் தெரியும். அவை சரியா, தவறா என்று வாதிட நான் வரவில்லை. யாரையும் அந்த வழிக்கு அழைக்கவும் இல்லை. ஆனால் அங்கே முடிவு அவர்களுடையது. தலைக்கூத்தலில் படுத்திருப்பவரை யாரும் கேட்பதில்லை. அது கொலை. கடைசிக்காலச் சிகிச்சை பற்றிய எந்த உரையாடலிலும், படுத்திருப்பவரின் குரல் எங்கே என்று முதலில் தேட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அந்தக் குரல் இல்லாத இடத்தில், சுமை, செலவு, சொத்து எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

செலவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். குடும்பத்தார் பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். அப்பன் உயிருக்குக் கணக்குப் பார்க்கிறான் என்று நாலு பேர் சொல்வார்களே என்று, வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார்கள். மருத்துவரே முன்வந்து, இதற்கு இவ்வளவு ஆகும், இதனால் இவ்வளவுதான் கிடைக்கும் என்று சொல்லிவிடுவது பெரிய உபகாரம். நிலத்தை விற்க வேண்டாம் என்று கெஞ்சிய நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் அவர்கள் விருப்பம்தான். அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு.

கருவி வேண்டாம் என்றால், கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளாகிவிடுகிறது நம் ஊரில். “இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்ற வாக்கியத்தை நான் வெறுக்கிறேன். செய்வதற்கு நிறைய இருக்கிறது. 1967-ல் லண்டனில், நோய் முற்றியவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப்பணியாளர், அப்புறம் மருத்துவர். வலி என்பது உடம்பில் மட்டும் இருப்பதில்லை. மனசிலும் குடும்பத்திலும் நம்பிக்கையிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இந்தத் துறையை அமைத்துக் கொடுத்தவர் அவர். பாஸ்டன் நகரில் நுரையீரல் புற்று முற்றிய 151 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் கடைசியில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டே முக்கால் மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

பக்கத்திலிருக்கும் கேரளத்தைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சின்னதாகத் தொடங்கிய வலி தணிப்பு மையம், ஊர்தோறும் தன்னார்வலர்களைத் திரட்டி, பஞ்சாயத்துகளின் வேலையாகவே மாறியது. 2008-ல் அந்த மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சை தருவதும் ஒரு பகுதி. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு அந்த ஊழியர் வருவது எல்லோருக்கும் தெரியும். படுத்த படுக்கையானவருக்கும் கேட்டுப் பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கடும் வலியைத் தணிக்கும் மருந்தான மார்பின் என்றதும் கேட்பவர் முகம் மாறுகிறது. மார்பின் எடுக்கப்படும் அபின் சட்டப்படி விளையும் நாடு நம்முடையது. நம் நோயாளிகள்தான் வலியில் துடிக்கிறார்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அவ்வளவு கெடுபிடியாக இருந்ததில், பல மருத்துவமனைகள் மார்பினை வாங்கிவைப்பதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள். விலை மலிவான மாத்திரை. வலிக்குத் தகுந்த அளவில் கொடுத்தால் பெரும்பாலும் நோயாளி அதற்கு அடிமையாகிவிட மாட்டார், தள்ளாடிக் கிடக்க மாட்டார். மலச்சிக்கல் வரும்; அதற்கான மருந்தையும் கூடவே தர வேண்டும். மூச்சுத் திணறலையும் சிறிய அளவு மார்பின் தணிக்கும். மார்பின் கொடுத்தால் கதை முடிந்தது என்ற பயத்தில் மாத்திரையை ஒளித்துவைக்கும் வீடுகள் உண்டு. வலி தணிந்த பிறகு மகனோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்த நோயாளியை அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்குச் சில விஷயங்கள் முன்கூட்டியே தெரிந்திருந்தால் கடைசி நேரத்தில் பதறி ஆம்புலன்ஸ் அழைக்க மாட்டார்கள். சாப்பாடு குறையும், பிறகு நின்றே போகும். உடம்பு ஒடுங்கும்போது பசி அடங்குவது இயல்பு. “பட்டினி போட்டுட்டோமே” என்று வாயில் திணித்தால் புரையேறும். “ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்துங்க” என்பார்கள். ஏற்றிய நீர் போக இடமில்லாமல் காலிலும் நெஞ்சிலும் தேங்கும், மூச்சு இன்னும் இரைக்கும். உதட்டை ஈரப்படுத்துங்கள், வாயை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். பால் ஊற்றுவது, துளசி நீர் விடுவது, இழுத்துக்கொண்டு கிடப்பவருக்கு மண் கரைத்த நீர், காசு உரசிய நீர் கொடுப்பது எல்லாம் நம் வழக்கம். தடுக்க மாட்டேன். உதட்டில் ஒரு துளி தடவினால் போதும், தொண்டைக்குள் ஊற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். தொண்டையில் கறகறவென்று சத்தம் வரும். கேட்பவருக்கு அது பயங்கரம்; நினைவு மங்கிய அவருக்கு அநேகமாக அது தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு விட்டுவிட்டு வரும். கை கால் சில்லிடும். பதில் சொல்லாதவருக்கும் காது கேட்கக்கூடும்; எனவே தலைமாட்டில் பங்குச் சண்டை வேண்டாம், பேத்தியைப் பேசச் சொல்லுங்கள்.

வீட்டில் இறந்தால் போலீஸ் வருமா என்று கேட்கிறார்கள். நோயில் இறந்தவருக்கு வராது. பார்த்துவந்த மருத்துவர் இறப்புக்கான காரணத்தைச் சான்றளிக்கலாம். 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போதே அந்த மருத்துவரின் கைபேசி எண்ணையும், ராத்திரி கூப்பிட்டால் யார் எடுப்பார்கள் என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தராமல் வீட்டுக்கு அனுப்பும் மருத்துவமனையை நீங்கள் கேள்வி கேட்கலாம்.

மாணவிகளுக்கு ஒன்று. இறந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்த வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள். “நீங்க எடுத்த முடிவு சரியான முடிவுதாங்க” என்று ஒரு செவிலியர் வாயால் கேட்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிது என்று போன் செய்து பார்த்தால்தான் தெரியும்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் அந்த இரண்டாவது மருத்துவர் குழு பெயர்ப்பட்டியலோடு தயாராக இருக்க வேண்டும். எழுதிவைத்த ஆவணத்தை எந்த உள்ளாட்சி அலுவலகத்தில் யாரிடம் கொடுப்பது என்பது ஊர் மக்களுக்குத் தெரிய வேண்டும். வட்ட மருத்துவமனைகளில் மார்பின் மாத்திரை தட்டுப்பாடில்லாமல் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதைவிட எளிது, இதைவிடக் கடினமும்கூட. இந்த வாரம், வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே, உங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேளுங்கள்: “உங்களுக்கு முடியாம போயி, பேசவும் முடியாம ஆயிட்டா, நாங்க என்ன செய்யணும், யார் பேச்சைக் கேக்கணும்?” அவர்கள் திட்டினால் திட்டட்டும். அடுத்த வாரம் மறுபடியும் கேளுங்கள். சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பிக்கும் அக்கா தங்கைக்கும் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். நோட்டரி, சாட்சி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதோடு உங்கள் விருப்பத்தையும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.